வசாவிளான் என்று பெயர் வைத்த தோட்டம்

புக்கெகோஹி
7 ஒக்டோபர் 2024

விநாயகமூர்த்தி அவர்களுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கத்தான் பேனையை எடுத்தேன். கை வரவில்லை. இத்தனை வருடம் உங்களோடு குடும்பம் நடத்தியவள் இந்த வயதில் பொய் எழுதக்கூடாது.

நான் சுகம். போனில் உங்கள் பெயர் வரும்போதெல்லாம் எடுக்காமல் விடுவது வேண்டுமென்றுதான். போனில் நான் ஒரு வசனத்தைத் தொடங்கினால் நீங்கள் முடித்து வைப்பீர்கள். கடிதத்தில் அது நடக்காது. நான் முற்றுப்புள்ளி வைக்கும் வரை பொறுத்துத்தான் ஆகவேண்டும். பதில் இருந்தால் நீங்களும் எழுதுங்கள்.

மஞ்சுளா வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறையில் இருக்கிறேன். மஞ்சுளா யார் என்று கேட்பீர்கள். பெயரைப் பலமுறை சொல்லியிருக்கிறேன், உங்கள் காதில் ஏறவில்லை. குஜராத்திக்காரி. அவளுடைய தாத்தா காலத்திலிருந்தே இங்கே வெங்காயமும் உருளைக்கிழங்கும் போடுகிறார்கள். நான் இவ்வளவு காலமும் வரைந்து வந்தது அவளுடைய தோட்டத்தைத்தான். இப்போது ஜன்னலைத் திறந்தால் தோட்டம்.

நடந்ததை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். நீங்கள் மற்றவர்களுக்குச் சொல்லும்போது அது வேறு மாதிரி ஆகிவிடுகிறது என்று உங்கள் மகள் நிலானியே சொன்னாள். தமிழ்ச் சங்கத்துக்காக சான்ட்ரிங்ஹாம் மண்டபத்தில் என் படங்களை வைக்கலாம் என்று நீங்கள் கேட்டபோது நான் ஓம் என்றேன். தொங்கவிடும் வேலையை நீங்களே பார்ப்பதாகச் சொன்னீர்கள். அன்று நான் இங்கே வரைந்துவிட்டுப் பாப்பகூராவில் பஸ் மாறி வந்து சேர்ந்தபோது மண்டபம் நிறையச் சனம், சிலர் படங்களுக்கு முன்னால் அழுதுகொண்டு நின்றார்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் வடிவாக அச்சடித்த ஒரு மட்டை. 'உரும்பிராய் வெங்காயத் தோட்டம்.' 'புன்னாலைக்கட்டுவன் மாலை.' 'வசாவிளான் காலை.' எல்லாம் ஊர்ப் பெயர்கள். படங்களோ இங்கே புக்கெகோஹியில் வைத்து நான் வரைந்தவை.

நான் மட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். நீங்கள் பின்னாலேயே வந்து, எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக, "அங்கையும் செம்பாட்டு மண், இங்கையும் செம்பாட்டு மண். எல்லாம் ஒண்டுதானே செல்வம்" என்றீர்கள். அந்தச் சொல்தான் என்னை இங்கே கொண்டுவந்து விட்டது. என் வாழ்நாள் முழுக்க நான் செய்த வேலையே, இரண்டும் ஒன்றல்ல என்று காட்டுவதுதான்.

எல்லா மட்டையும் கழற்றிவிட்டேன், ஒன்றைத் தவிர. 'வசாவிளான் காலை'யை நான் அதற்குக் கிட்டப் போவதற்கு முதலே கண்மணி அக்கா வாங்கிக்கொண்டு போய்விட்டா. தொண்ணூறாம் ஆண்டு விட்டுவிட்டு ஓடிவந்த தன்னுடைய தோட்டம் அதுதான் என்று நம்பிக்கொண்டு போயிருக்கிறா.

பெயர் வைத்தது நீங்கள். அக்காவிடம் போய் உங்கள் வாயாலேயே உண்மையைச் சொல்லுங்கள். அதுவரை நான் வீட்டுக்கு வரமாட்டேன்.

செல்வநாயகி


பிளாக்ஹவுஸ் பே
15 ஒக்டோபர் 2024

அன்புள்ள செல்வத்துக்கு,

நான் 'அன்புள்ள' என்று எழுதியிருக்கிறேன். கவனிக்கவும்.

உம்முடைய கடிதம் வெள்ளிக்கிழமைதான் வந்தது. ஐம்பது நிமிடம் காரில் ஓடினால் வரும் இடத்திலிருந்து ஒரு கடிதம் வர இவ்வளவு நாள். நான் இங்கே சோறும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறேன். பருப்பு வைத்தேன், அடிப்பிடித்தது. சட்டியை ஊறப் போட்டிருக்கிறேன். நீர் வந்து பார்க்கும்போது அது ஊறிக்கொண்டுதான் இருக்கும்.

நான் ஏதோ களவு செய்தது மாதிரி எழுதியிருக்கிறீர். வேண்டுமென்று பொய்ப் பெயர் வைக்கவில்லை. நீர் புக்கெகோஹிக்குப் போய் வரைகிறீர் என்று எனக்குத் தெரியும். அங்கே காற்றும் அமைதியும் இருக்கிறது, அங்கே இருந்துகொண்டு ஊரை நினைத்து வரைகிறீர் என்று நினைத்தேன். செம்மண், வெங்காயம், வரம்பு. வேறு என்ன நினைப்பான் ஒரு மனுசன்? பழைய ஊர் வரைபடத்தில் ஒவ்வொரு இடமாகத் தேடி, எந்தப் படம் எந்த இடத்துக்குப் பொருந்தும் என்று இரண்டு கிழமை யோசித்து வைத்த பெயர்கள் அவை. பெருமைப்படுவீர் என்று நினைத்தேன்.

கண்மணி அக்காவைப் பற்றி. போன ஞாயிறு சான்ட்ரிங்ஹாமில் மரக்கறி வாங்கிவிட்டு அவ வீட்டுக்குப் போனேன். மகன் பிரதாபன் அவவின் கட்டிலுக்கு எதிரே படத்தை மாட்டியிருக்கிறான். பக்கத்தில் காலமான அவவின் மனுசனின் போட்டோ. காலையில் இரண்டுக்கும் சேர்த்துத்தான் பூ வைக்கிறா. படத்தின் வலது பக்க மூலையைக் காட்டி, "உதிலை நிக்கிறது அவர்தான் தம்பி. விடிய வாய்க்காலிலை தண்ணி மாற இறங்கினா வெயில் ஏறுமட்டும் நிமிரமாட்டார்" என்றா. நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். எனக்கும் ஒரு ஆள் நிற்கிற மாதிரித்தான் தெரிந்தது. நீர் யாரை மனதில் வைத்து வரைந்தீர்?

இதையெல்லாம் போய்க் கெடுக்கச் சொல்கிறீர். எழுபத்தெட்டு வயது மனுசி. எங்கட சண்டைக்கு அவ ஏன் அழவேண்டும்?

வீட்டுக்கு வாரும். மட்டைகளை நான் எரித்துவிடுகிறேன்.

மூர்த்தி


புக்கெகோஹி
24 ஒக்டோபர் 2024

நிலானியின் அப்பாவுக்கு,

ஒரு படி இறங்கி எழுதியிருக்கிறேன். நீங்களும் கவனிக்கவும்.

அது ஆள் இல்லை. அது தண்ணீர் பீச்சும் இயந்திரம். சில்லு வைத்த ஒரு வண்டில், அதன்மேல் ஒரு நீளக் குழாய். மஞ்சுளாவின் மகன் அதை வரிக்கு வரி இழுத்து வைப்பான். போன கோடையில் ஒரு காலை அது மூலையில் சும்மா நின்றது. மேலே வெயில் பட்டதால் மஞ்சளும், கீழே நீலமும் வைத்தேன். கண்மணி அக்கா அதற்குப் பூ வைக்கிறா என்று வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்களுக்கும் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

"யாரை மனதில் வைத்து வரைந்தீர்" என்று கேட்டீர்கள். அதுதான் பிரச்சினையே. நான் மனதில் வைத்து ஒன்றும் வரைவதில்லை. விடிந்ததும் நாலு பலகையைத் தூக்கிக்கொண்டு போகிறேன். முதல் வெளிச்சத்துக்கு ஒன்று. பனி எழும்பியதும் அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்தது. வெயில் வெள்ளையானதும் அதற்கடுத்தது. பின்னேரத்துக்கு ஒன்று. மறுநாள் அதே வெளிச்சம் வந்தால் அதே பலகையை எடுப்பேன். வராவிட்டால் சும்மா இருந்து தேத்தண்ணி குடிப்பேன். சில பலகைகள் ஒரு மாதமாகத் தங்கள் வெளிச்சம் வரும்வரை காத்துக்கொண்டு நிற்கின்றன. ஊரை நினைத்து வரைவதென்றால் நான் ஏன் இந்தக் குளிரில் விடிய எழும்பவேண்டும்? பிளாக்ஹவுஸ் பேயில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வரைந்திருக்கலாமே.

பெயின்ட் கடையில் நிறம் கலந்த காலத்தில் இதைத்தான் தினமும் பார்த்தேன். சனம் வந்து "வெள்ளை" என்று கேட்கும். எடுத்து வைத்தால் ஒவ்வொரு வெள்ளையும் வேறு. மண்ணும் அப்படித்தான். "மண்ணில் எங்கை ஊதா இருக்கு" என்று நீங்கள் கேட்டது நினைவிருக்கிறதா? இருக்கிறது. வந்து பார்த்தால் தெரியும். நீங்கள் ஒருநாளும் வந்து பார்க்கவில்லை.

எங்கட சண்டைக்கு அக்கா ஏன் அழவேண்டும் என்கிறீர்கள். நல்ல கேள்வி. நாங்கள் இரண்டு பேரும் தெரிந்துகொண்டே அவவைச் சில்லு வண்டிலுக்குப் பூ வைக்க விடலாமா, அதையும் யோசியுங்கள்.

இங்கே வெங்காயத்தாள் இப்போது முழங்கால் அளவு. காற்றடித்தால் தோட்டம் முழுக்க ஒரே பக்கம் சாய்கிறது. சட்டியில் கொஞ்சம் பேக்கிங் சோடா போட்டுக் கொதிக்க வையுங்கள், அடிப்பிடித்தது கழலும்.

செல்வநாயகி


பிளாக்ஹவுஸ் பே
5 நவம்பர் 2024

அன்புள்ள செல்வத்துக்கு,

சட்டி கழன்றது. நன்றி.

நேற்று சொல்வதற்கென்றே போனேன். சத்தியமாக. வசனத்தைக்கூடக் காருக்குள் இருந்து சொல்லிப் பார்த்தேன். அக்கா கதவைத் திறந்ததும், "வா தம்பி, உனக்கெண்டு வடை எடுத்து வைச்சனான்" என்றா. அதோடு வசனம் போய்விட்டது. வெளியே வரும்போது பிரதாபன் என்னைக் காரடியில் மறித்து, "அங்கிள், அந்தப் படம் வந்த நாளிலையிருந்துதான் அம்மா ஒழுங்கா நித்திரை கொள்ளுறா. அன்ரிக்குச் சொல்லுங்கோ" என்றான். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வடையையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன்.

இன்னொன்றையும் எழுதவேண்டும். போனில் என்றால் சொல்லமாட்டேன்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடங்கள் நினைவிருக்கும். அங்கே பொறியியலாளனாக இருந்தவன் இங்கே ஒரு தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டினேன். வேலையால் வந்தால் ஒருவரோடும் கதைக்க மனம் வராது. நீர் வரைந்த அந்த முதல் படத்துக்கு முன்னால் போய் இருப்பேன். செம்மண், பச்சை வரிசை, தூரத்தில் ஒரு கூரை. எனக்கு அதில் உரும்பிராய் தெரிந்தது. கந்தையா அண்ணை வீட்டுக் கூரை தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் மறுநாள் வேலைக்குப் போவேன். பிறகு நல்ல வேலை கிடைத்தது, வீடு வாங்கினோம், நிலானி பிறந்தாள். ஆனாலும் ஒவ்வொரு புதுப் படம் வரும்போதும் நான் அதில் ஊரில் ஒரு மூலையைக் கண்டுபிடித்தேன். உம்மிடம் கேட்டதில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவீரோ என்று பயம் இருந்திருக்கும்.

அது உரும்பிராய் இல்லை என்றால், நான் இவ்வளவு காலமும் எதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்? அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வராததற்குக் காரணம் அக்கா மட்டுமில்லை.

மூர்த்தி


புக்கெகோஹி
12 நவம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். மஞ்சுளா வந்து, ஊரில் யாரும் தவறிவிட்டார்களா என்று கேட்டாள். இல்லை, என் வீட்டுக்காரர் கடிதம் எழுதியிருக்கிறார் என்றேன். அதற்கா அழுகிறாய் என்று சிரித்தாள்.

எனக்கு இது தெரியாது. நீங்கள் அந்தப் படத்துக்கு முன்னால் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். களைப்பில் இருக்கிறீர்கள் என்று நினைத்து டீவியைப் போட்டுவிடுவேன். நான் எவ்வளவு மொக்கு.

பொய் சொல்லி ஆறுதல் தர எனக்குத் தெரியாது, அதனால் இருப்பதைச் சொல்கிறேன். அந்த முதல் படம் மாங்கரேயில் ஒரு சீனக் கிழவரின் முட்டைக்கோவாத் தோட்டம். நான் பஸ்ஸுக்கு நின்ற இடத்துக்கு எதிரே இருந்தது. அந்தக் கூரை அவருடைய சாமான் கொட்டில். இப்போது அங்கே வீடுகள் வந்துவிட்டன.

உரும்பிராயையும் நான் வரைந்தேன், உரும்பிராயில் வைத்து. பள்ளிக்கூடம் விட்டதும் புகையிலைத் தோட்டத்து வரம்பில் போய் இருப்பேன். அந்தப் படங்கள் வீட்டோடு எரிந்துபோயின. பிறகு திருச்சி அகதி முகாமில் இருந்த இரண்டு வருடமும் ஒரு நிலக்கடலைத் தோட்டம். அதன் சொந்தக்காரி என்னை முதலில் கல்லால் எறிந்தாள், பிறகு மோர் தந்தாள். பிறகு மாங்கரே. பிறகு இங்கே. எங்கே போனாலும் நான் முதலில் தேடுவது யாரோ ஒருவர் உழுது விதைக்கும் ஒரு துண்டு நிலத்தை. அது இல்லாமல் என்னால் இருக்க முடியாது, ஏன் என்று எனக்கே தெரியாது. ஆனால் ஒன்று. ஒரு நிலத்துக்கு முன்னால் நின்றுகொண்டு இன்னொன்றை வரைந்ததில்லை. உரும்பிராய் வெயில் எப்படி விழும் என்று இப்போது என்னைக் கேட்டால், மறந்துவிட்டது. மறந்ததை வரைந்தால் அது உரும்பிராய்க்கும் மரியாதை இல்லை, மஞ்சுளாவுக்கும் மரியாதை இல்லை.

நீங்கள் உரும்பிராயைப் பார்த்தது உங்கள் பிழை இல்லை. அது உங்கள் கண். நீங்கள் பார்த்ததை மட்டையில் அச்சடித்து என் படத்துக்குக் கீழே ஒட்டியதுதான் பிழை.

உங்களை வற்புறுத்த எனக்கு இப்போது மனமில்லை. ஆனாலும் அக்காவுக்குச் சொல்லத்தான் வேண்டும். நீங்கள் சொல்வீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

செல்வம்


பிளாக்ஹவுஸ் பே
25 நவம்பர் 2024

செல்வம்,

சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை. வடை சாப்பிடவில்லை, கதிரையில்கூட இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். "அக்கா, அது வசாவிளான் இல்லை. செல்வம் இங்கை புக்கெகோஹியிலை கீறினது. பெயர் வைச்சது நான்." மூலையில் நிற்பது என்ன என்று அவ கேட்டா. அதையும் சொன்னேன்.

அக்கா அழவில்லை. எழும்பிப் போய்ப் படத்தைக் கழற்றி, அதன் முகம் என் நெஞ்சோடு படும்படி என் கையில் தந்தா. பிறகு போய்க் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டா. பிரதாபன் எனக்குக் கதவைத் திறந்துவிட்டான். "ஏன் அங்கிள்?" என்று மட்டும் கேட்டான். அவன் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

படம் இப்போது எங்கட முன்னறையில் சோபாவில் சாய்ந்து இருக்கிறது. மாட்ட மனம் வரவில்லை. நிலானிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "யூ டூ ஆர் இம்பாசிபிள்" என்றாள். பிறகு, நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று கேட்டாள்.

நீர் சொன்னதைச் செய்துவிட்டேன். நல்லது செய்தது மாதிரி இல்லை.

மூர்த்தி


புக்கெகோஹி
1 டிசெம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுக்குத் தைரியம் இருக்கிறது. அதை முதலில் எழுதுகிறேன்.

மூன்று நாளாகத் தூரிகையைத் தொடவில்லை. நல்ல வெளிச்சம் வந்தது, போனது. உண்மை உண்மை என்று உங்களைப் பிடித்துத் தள்ளினேன், தள்ளுப்பட்டு விழுந்தது ஒரு வயதான மனுசி. அவ நித்திரை கொண்டால் எனக்கு என்ன வந்தது? சில்லு வண்டிலுக்குப் பூ வைத்தால்தான் என்ன? இப்படியெல்லாம் ஒரு நேரம் யோசிக்கிறேன். இன்னொரு நேரம், இல்லை, நாங்கள் செய்தது சரி என்று வருகிறது. உங்களோடு பிடித்த சண்டையில் நான் வென்றுவிட்டேன், அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

சொன்ன சொல்படி நான் இப்போதே வரவேண்டும். ஆனால் இப்படியான முகத்தோடு வந்து உங்களுக்கு முன்னால் இருக்க விருப்பமில்லை. ஹமில்ட்டனில் நிலானியிடம் ஒரு கிழமை நின்றுவிட்டு வருகிறேன். பிறகு பார்ப்போம்.

படத்தைச் சோபாவில் வைக்காதீர்கள், மறதியில் அதன்மேல் இருந்துவிடுவீர்கள்.

செல்வம்


பிளாக்ஹவுஸ் பே
14 டிசெம்பர் 2024

அன்புள்ள செல்வத்துக்கு,

நீர் ஹமில்ட்டனில் நின்ற நேரம் இங்கே ஒரு அலுவல் நடந்தது. மஞ்சுளா சொல்லியிருந்தாலும் என் வாயாலும் கேளும்.

திங்கட்கிழமை காலை போன். கண்மணி அக்கா. வணக்கமும் இல்லை, சுகமும் கேட்கவில்லை. "அப்ப அது எங்கை கிடக்கு?" என்றா. எது அக்கா என்றேன். "அந்தத் தோட்டம். என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு" என்றா. ஏசுவதற்கு இடம் தேடுகிறாவோ என்று நினைத்தேன். ஆனாலும் மறுக்க எனக்கு முகம் இல்லை. செவ்வாய்க்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். மோட்டர்வேயை விட்டு இறங்கி அந்தச் செம்மண் தெரியத் தொடங்கியதும் ஜன்னலைத் திறக்கச் சொன்னா.

மஞ்சுளா வந்து கேற்றைத் திறந்தா. அக்காவுக்கு இங்கிலிஷ் வராது, மஞ்சுளாவுக்குத் தமிழ் வராது. அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரம்பில் இறங்கிவிட்டா. நான் பின்னால் ஓடினேன். நேராக அந்த மூலைக்குத்தான் போனா. இயந்திரம் அங்கேயேதான் நின்றது. அதன் குழாயில் கையை வைத்து மேலும் கீழும் பார்த்தா. "இதையே நான் அவரெண்டு நினைச்சனான்" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினா. சிரிப்பு நிற்கவில்லை, கண்ணால் தண்ணீரும் நிற்கவில்லை. நான் பயந்துபோய்க் கையைப் பிடித்தேன். தட்டிவிட்டா.

பிறகு குந்தியிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்தா. பிசைந்து பார்த்தா, மணந்து பார்த்தா. அப்போது சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இருபத்திரண்டு வருசம் தம்பி. வீடு, கோயில், டொக்டர், பேரப்பிள்ளையின்ரை பள்ளிக்கூடம். எல்லாம் சீமெந்தும் புல்லும். இந்த நாட்டிலை மண் கிடக்கெண்டு எனக்கு ஒருத்தரும் காட்டேல்லை."

நானும்தான் பார்க்கவில்லை. உம்மைப் பாப்பகூராவில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனவன் நான்.

அக்கா மஞ்சுளாவோடு வரி வரியாக நடந்தா. ஒருவர் தமிழில் கேட்க மற்றவர் இங்கிலிஷில் பதில் சொல்ல, இரண்டு பேருக்கும் விளங்கினமாதிரித்தான் இருந்தது. நான் வேலை இல்லாமல் வரம்பில் இருந்தேன். சும்மா இருந்ததால் பார்த்தேன். வரிகளுக்கு இடையில் நிழல் விழுந்த இடம் ஊதா. நான் கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தேன், போட்டும் பார்த்தேன். ஊதாதான். முகில் வந்ததும் அது போய் மண் கபில நிறமானது. வெயில் வந்ததும் திரும்பி வந்தது. நான் நேரம் போனது தெரியாமல் இருந்தேன். உரும்பிராயை ஒருதரமும் நினைக்கவில்லை என்பது திரும்பி வரும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்காகக் கொஞ்சம் துக்கமாகவும் இருந்தது.

கார் அவ வீட்டு வாசலில் நின்றதும் அக்கா சொன்னா, "என்ரை படத்தைக் கொண்டுவந்து தா." நான் அவவைப் பார்த்தேன். "அது எங்கடை தோட்டம் இல்லை. ஆனா நல்ல தோட்டம்" என்றா. அன்று பின்னேரமே கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்த முறை அவரின் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டவில்லை. குசினியில், தேத்தண்ணி ஊற்றும் இடத்துக்கு மேலே மாட்டச் சொன்னா. பூ வைக்கவில்லை. வெங்காயம் எப்போது கிண்டுவார்கள், அன்றைக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று கட்டளை.

மூர்த்தி


புக்கெகோஹி
21 டிசெம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

மஞ்சுளா சொன்ன கதையில் நீங்கள் இங்கத்தைய டிசெம்பர்க் கோடை வெயிலில் தொப்பியில்லாமல் இருந்து மூக்குச் சிவந்ததும் வருகிறது. அதை நீங்கள் எழுதவில்லை. கற்றாழை பூசினீர்களா?

உங்கள் கடிதத்தை இங்கே ஜன்னலடியில் இருந்து வாசித்தேன். ஊதா வந்த இடம் வந்ததும் வெளியே போய், நீங்கள் எந்த வரம்பில் இருந்திருப்பீர்கள் என்று தேடினேன். மஞ்சுளா காட்டினாள். நல்ல இடம்தான் பிடித்திருக்கிறீர்கள். அங்கேயிருந்து நான் இன்னும் வரையவில்லை.

கண்மணி அக்கா எனக்குப் போன் எடுத்தா. "நீ அந்தக் கரையிலை பச்சையைக் கொஞ்சம் கூட வைச்சிட்டாய் பிள்ளை" என்றா. நான் ஓம் அக்கா என்றேன். பிழை அவவில்தான், அவ தோட்டத்தைக் கண்டது டிசெம்பரில், அது பெப்ரவரி மாதத்து உருளைக்கிழங்குப் பச்சை. ஆனால் மண்டபத்தில் அழுத சனத்தில் ஒருவரும் என் படத்தில் இருந்த பச்சையைப் பற்றிக் கதைக்கவில்லை. அவதான் முதலாவது ஆள். சந்தோசத்தில் எனக்கு அன்று சமைக்கவே மனம் வரவில்லை.

இப்போது என் பங்கு. வீட்டுக்கு வருவதற்கு நான் போட்ட நிபந்தனையை நீங்கள் முடித்துவிட்டீர்கள். நான் சொல் மாறுகிறவள் இல்லை. புதுவருடத்துக்கு முதல் நாள் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். வெங்காயத்தாள் இப்போதுதான் மஞ்சளாகிச் சாயத் தொடங்குகிறது. ஜனவரி நடுவில்தான் கிண்டிக் காயப் போடுவார்கள். மண்ணுக்கு மேலே வரி வரியாக அந்தத் தோல் நிறம் கிடக்கும். ஒரு வருடமாக நான் காத்திருந்தது அதற்குத்தான். பரவாயில்லை, பஸ்ஸில் வந்து பார்த்துக்கொள்கிறேன். முடியாத பலகைகளைப் பின் சீற்றில் அடுக்கலாம். பெயின்ட் காயவில்லை, சீற்றில் விரிக்கப் பழைய துவாய் கொண்டுவாருங்கள்.

செல்வம்


பிளாக்ஹவுஸ் பே
27 டிசெம்பர் 2024

என் அன்புள்ள செல்வத்துக்கு,

நீர் வரவேண்டாம்.

கோபத்தில் எழுதவில்லை, பயப்படாதையும். மூன்று மாதமாக 'வாரும் வாரும்' என்று எழுதியவன் நான்தான். ஆனால் நேற்று உம்முடைய கடிதத்தை வைத்துக்கொண்டு யோசித்தேன். நீர் பஸ்ஸில் பாப்பகூரா போய் மாறி அங்கே இறங்கும் நேரத்துக்கு விடியல் வெளிச்சம் போய்விடும். முதல் பலகைக்கு என்ன செய்வீர்? இது என் கணக்கு இல்லை, நீர் எழுதின கணக்கு. வெங்காயம் கிண்டும் மட்டும் அந்த இடத்தை விட்டு நீர் அசையக்கூடாது.

சனம் கேட்கும். கேட்கட்டும். சங்கத்தில் நேற்றே ஒருவர், "என்ன அண்ணை, அக்கா இன்னும் வரேல்லையோ" என்று ஒரு மாதிரிச் சிரித்தார். "அவ வேலையிலை நிக்கிறா, சீசன் முடிய வருவா" என்றேன்.

வீட்டில் எனக்கு ஒரு அலுவலும் இல்லை. ஓய்வெடுத்து நாலு வருடமாக நான் செய்தது காலையில் பேப்பர், பின்னேரம் நித்திரை. நாலு பலகையை உம்மால் தூக்க முடிகிறதென்றால் இரண்டை நான் தூக்கலாம். பேசாமல் இருப்பேன். ஊதாவைக் கண்டால்கூடச் சொல்லமாட்டேன், நீர் கேட்டால் தவிர. பருப்பு இப்போது அடிப்பிடிக்காமல் வைப்பேன்.

முப்பத்தோராம் திகதி வருகிறேன், துவாய் இல்லாமல், என் உடுப்போடு. அந்த அறையில் இரண்டாவது கட்டில் போட இடம் இருக்குமோ என்று மஞ்சுளாவிடம் கேட்டு வையும்.

மூர்த்தி